பாதை ஏறிய பற்றரி

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரத்தை ஒட்டிக் கிடக்கிறது. ஞாயிறு எழும் திசையிலுள்ள கரையை எழுவான்கரை என்றும், அது படும் திசையிலுள்ள கரையைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். கடைத்தெருக்களும் கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் எழுவான்கரையில் அமைய, வயலும் மாட்டுப்பட்டியும் குளமும் காடும் படுவான்கரைக்கு உரியனவாயின. மின்கம்பி நெடுஞ்சாலையோடு வந்தது. வாவியைத் தாண்டி உட்கிராமங்களை எட்ட அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆகவே இவ்வட்டாரத்தின் மின்சார வரலாற்றை மின்கம்பங்களைக் கொண்டு எழுதினால் அது எழுவான்கரையின் வரலாறாக மட்டுமே முடியும். படுவான்கரையின் வரலாற்றை அறிய விரும்புவோர், மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குக் கீழும் பக்கப் பெட்டிக்குள்ளும் அடங்கிக் கிடந்த சிறிய பற்றரியைத்தான் பின்தொடர வேண்டும்.

பற்றரி என்பது இலங்கைத் தமிழரின் எழுத்து வழக்கு. பள்ளி நூல்கள் அதனை மின்கலவடுக்கு என்றும், மீளமீள மின்னேற்றத்தக்க வகையைச் சேமிப்புக்கலம் என்றும் குறிக்கின்றன. பிரான்சைச் சேர்ந்த காஸ்தோன் பிளான்ரே 1859ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்தி முதலாவது சேமிப்புக்கலத்தை உருவாக்கினார். 1881இல் கமில் ஃபோர் தகடுகளின்மேல் ஈயக் கூழைப் பூசும் முறையைக் கண்டதும் அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. மின்னேறிய நிலையில் ஒரு தகட்டில் கபில நிற ஈயவீரொட்சைட்டும் மற்றதில் சாம்பல் நிறப் பஞ்சு ஈயமும் இருக்கும். மின் வெளியேறுகையில் இரண்டுமே ஈயச் சல்பேற்றாக மாற, அமிலம் தன் வலுவை இழந்து நீர்த்துப்போகும். மின்னேற்றுதல் என்பது இந்த மாற்றத்தை எதிர்த்திசையில் நடத்துவது. ஒரு கலம் ஏறத்தாழ 2 உவோற்றுத் தருமாதலால், மூன்று கலம் கொண்டது 6 உவோற்றுப் பற்றரி, ஆறு கலம் கொண்டது 12 உவோற்றுப் பற்றரி. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இந்த அடிப்படை மாறவில்லை.

மோட்டார் சைக்கிள் பெருகுவதற்கு முன்பே பற்றரி இவ்வூர்களில் அறிமுகமாகியிருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்க் கோயில்களில் ஒலிபெருக்கி இயங்க வேண்டுமானால் கார் அல்லது லொறிப் பற்றரியே துணை; வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கிழமையில் கோயில் வாசலைப் பெற்றோமக்ஸ் விளக்கு ஒளியாலும் பற்றரி ஒலியாலும் நிறைத்தன. இலங்கை மின்சார சபை 1969 நவம்பரில் தோற்றுவிக்கப்பட்ட பின்னரும் நாட்டின் கிராமப்புறங்களிற் பெரும்பகுதி மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தது. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளோடும் தென்னைகளோடும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுச் சென்றபோது, கம்பியை நம்பி வாழ்ந்த எழுவான்கரைக்கும் பற்றரியின் அருமை சில காலம் புலப்பட்டது.

இரு கரைகளிலும் பற்றரியை வீட்டுப் பொருளாக்கியது ஜப்பானிய மோட்டார் சைக்கிள். ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் வகையும் அதன் வழிவந்த சி 50, சி 70, சி 90 ஆகியனவும் இலங்கை எங்கும் பரவின. வயல்வரம்பிலும் மணற்பாதையிலும் ஓடக்கூடிய எடை குறைந்த வண்டி படுவான்கரைக்குப் பொருந்தியதில் வியப்பில்லை. இவற்றின் பழைய அமைப்பு 6 உவோற்றில் இயங்கியது. இயந்திரத்தின் பறக்குஞ் சில்லில் பொருத்திய காந்தங்கள் கம்பிச் சுருளைச் சுற்றி ஓடும்போது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம், அதாவது ஆடலோட்டம், பிறக்கும். அதை ஒரே திசையில் பாயும் நேரோட்டமாக மாற்றும் சீராக்கி என்னும் உறுப்பைக் கடந்து அது பற்றரியை அடையும். மின்னழுத்தத்தைத் தானே மட்டுப்படுத்தும் தனி உறுப்பு அந்த அமைப்பில் இல்லை. முன்விளக்கு எரியும்போது அதற்கெனக் கூடுதலான கம்பிச் சுருள் இணைக்கப்படும். அந்த விளக்கு கருகிப் போனாலோ, உரிய வாற்றில் இல்லாத குமிழைப் பொருத்தினாலோ, மிஞ்சிய மின்சாரம் ஏனைய குமிழ்களையும் பற்றரியையும் பதம்பார்க்கும். பகலில் மட்டும் மெதுவாக ஓடும் வண்டியிலோ பற்றரி அரைகுறையாகவே நிரம்பும். ஒரு பக்கம் பட்டினி, மறுபக்கம் மிகையூட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே பற்றரியைக் காக்கும் வேலைதான் சார்ஜ் போடும் கடை என்ற சிறு தொழிலை வாழவைத்தது.

பற்றரியின் பெட்டியில் அச்சிட்ட குறியீட்டை வாசிக்கத் தெரிவது அத்தொழிலின் அரிச்சுவடி. 6என்4 எனத் தொடங்கினால் முதல் எண் உவோற்றையும், என் எழுத்தை அடுத்து வரும் எண் அம்பியர் மணியையும் குறிக்கும். அம்பியர் மணி என்பது கொள்ளளவு: 4 அம்பியர் மணி உடைய பற்றரி, கணக்கின்படி, 0.4 அம்பியர் ஓட்டத்தைப் பத்து மணிநேரம் தரவல்லது. மின்னேற்றும்போதும் கொள்ளளவின் பத்திலொரு பங்கை மிஞ்சாத ஓட்டமே செலுத்தப்பட வேண்டும் என்ற விதி இதிலிருந்தே பிறந்தது. இடையே ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் முற்றிலும் இறங்கிய பற்றரி நிரம்பப் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகும். மாலையில் ஒப்படைத்த பற்றரியை மறுநாள் வந்து எடுத்துச் செல்லும் வழக்கத்துக்குக் காரணம் கடைக்காரரின் வசதியன்று, ஈயத் தகட்டின் இயல்பு. அவசரத்துக்கு ஒரு மணிநேரத்தில் ஏற்றித் தருமாறு வற்புறுத்தியவர்களின் பற்றரித் தகடுகள் சூடேறி வளைந்து, அவற்றிற் பூசிய கூழ் உதிர்ந்து, பெட்டியின் அடியிற் சேறாகப் படியும். அந்தச் சேறு உயர்ந்து இரு தகடுகளையும் தொட்டதும் கலம் இறந்துபோகும்.

கடையின் நடுவே நின்றது நிலைமாற்றியும் சீராக்கியும் அடங்கிய இரும்புப் பெட்டி. முன்னைய பெட்டிகளிற் செலனியத் தகடுகளை அடுக்கிய சீராக்கிகள் இருந்தன. பின்னர் சிலிக்கன் இருவாயிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பற்றரிகளை ஒன்றன் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைத் தொடுமாறு தொடராக இணைத்தால் எல்லாவற்றிலும் ஒரே அளவு ஓட்டம் பாயும், அவற்றின் உவோற்றுகள் ஒன்றுகூடும். 6 உவோற்றுப் பற்றரி ஒன்று நிரம்பும் வேளையில் ஏறத்தாழ ஏழரை உவோற்றைக் கேட்குமாதலால், பத்துப் பற்றரிகள் கொண்ட தொடருக்கு 75 உவோற்று வேண்டும். ஒரே ஓட்டம் பாய்வதனால் சிறிய மோட்டார் சைக்கிள் பற்றரியையும் பெரிய லொறிப் பற்றரியையும் ஒரே தொடரில் வைக்கலாகாது. பெரியது பசியாறும் முன் சிறியது கொதித்துவிடும். கைதேர்ந்த கடைக்காரர் உருவத்தை ஒத்தவற்றையே ஒரு வரிசையில் நிறுத்தினார். முதலில் நிரம்பியதை இடையிலிருந்து கழற்றி, கம்பியை மீளத் தொடுத்தார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் உரியவரின் பெயரோ ஊரோ அடையாளமாக எழுதப்படாவிட்டால், ஒரே கறுப்பு நிறப் பெட்டிகள் கைமாறிப்போவதைத் தடுக்க முடியாது.

நிரம்பிவிட்டதா என்பதை அறிய அவருக்கு மூன்று சான்றுகள் இருந்தன. முதலாவது, கலத்தில் எழும் குமிழி: தகடுகள் மாற்றத்தை முடித்த பின் மிகுந்த மின்சாரம் நீரைப் பிரித்து ஐதரசனையும் ஒட்சிசனையும் வெளியேற்றும். இரண்டாவது, உவோற்றுமானி. மூன்றாவதும் நம்பத்தக்கதும் நீரமானி, அதாவது அமிலத்தை ரப்பர்க் குமிழால் உறிஞ்சி அதன் சாரடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழாய். மிதவை 1260ஐ அண்மி நின்றால் கலம் நிரம்பியது, 1190இல் பாதி, 1120இல் வெறுமை. நீரின் அடர்த்தியை 1000 எனக் கொண்ட இவ்வெண்கள், எழுத்தறிவு குறைந்த வாடிக்கையாளருக்கும் ஒரு நோயாளியின் வெப்பமானிக் கணக்கைப் போலப் பழகிப்போயின. ஐதரசன் தீப்பற்றக்கூடியது, ஆகவே சார்ஜ் நடக்கும் அறையில் பீடி பற்றவைத்தலும், மின்னோட்டத்தை நிறுத்தாமல் கவ்விகளைக் கழற்றிப் பொறியெழுப்புதலும் பெருங்குற்றங்களாகக் கருதப்பட்டன. மோட்டார் சைக்கிள் பற்றரியின் பக்கவாட்டில் தொங்கும் மெல்லிய ரப்பர்க் குழாயும் இந்த வாயுவுக்கான வழியே. அது மடிந்து அடைபட்டால் பெட்டி வெடிக்கும், கழன்றால் அமிலம் சொட்டிச் சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

வாவிக்கரையின் இயற்கை இத்தொழிலுக்கு இரு இடையூறுகளை வைத்திருந்தது. முதலாவது உப்பு. கலத்தில் நீர் குறையும்போது காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். வாவியை அண்டிய கிணறுகளில் உவர் கலந்திருப்பதனால், அதன் குளோரைட்டும் இரும்பும் தகடுகளை அரித்து, நின்ற நிலையிலேயே மின்சாரத்தைக் கசிய விடும். வடித்த நீர் கிடைக்காத ஊர்களில் வானத்திலிருந்து நேரே ஏந்திய மழைநீர் ஓரளவுக்கு அதன் இடத்தை நிரப்பவல்லது. கூரையில் வடிந்த நீருக்கு அத்தகுதி இல்லை. கடற்காற்றுப் படும் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும் உப்புப் படிவைச் சுடுநீரால் கழுவி, கிறீஸ் அல்லது வஸ்லின் பூசுவது கைவந்த பரிகாரமாயிற்று. இரண்டாவது வெப்பம். சூடு 10 பாகை உயர்ந்தால் பற்றரி தானாகவே இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகையால் குளிர்நாட்டுக் கைந்நூல் சொல்லும் 1280 என்ற அமில வலுவைக் குறைத்து, 1240க்கும் 1260க்கும் இடையே வைத்துக்கொள்வது வெப்ப நாடுகளின் வழக்கம். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மார்கழி, தை மாதங்களில் வெள்ளத்தால் வீதி தடைப்பட்டு வண்டி முற்றத்திலேயே நின்றால், இறங்கிய பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று கெட்டிப் பளிங்காக உறைந்துவிடும். இவ்வாறு உறைந்ததை மீட்பது கடினம். மாதம் ஒருமுறை கழற்றிச் சார்ஜ் போட்டு வைப்பதொன்றே அதற்கு மருந்து.

1990 யூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போர் வாவியை எல்லைக்கோடாக்கியது. நகரமும் எழுவான்கரையும் அரச படையின் பிடியிலிருக்க, படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குள் சென்றது. அரசு அதனை விடுவிக்கப்படாத பகுதி என்று அழைத்தது. மண்முனை, குருக்கள்மடம், குறுமன்வெளி முதலிய துறைகளும் வவுணதீவு, பட்டிருப்பு ஆகிய நிலவழிகளும் சோதனைக்குரிய வாசல்களாயின. மட்டக்களப்பார் பாதை என்று சொன்னால் அது வீதியை மட்டும் குறிப்பதன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைப் படகுக்கும் அதுவே பெயர். அந்தப் பாதையில் ஏறத்தகாத பொருள்களின் வரிசையில் எரிபொருள், சீமெந்து ஆகியவற்றோடு பற்றரியும் இடம்பெற்றது. கண்ணிவெடியை வெடிக்கவைக்கச் சிறு மின்கலமே போதும் என்பது படைத்தரப்பின் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் தடையின் சுமையைத் தாங்கியவர்கள், சூல் கொண்ட பெண்ணுக்கு நள்ளிரவில் விளக்குத் தேடியவர்களும் மண்ணெண்ணெய்ப் புகையில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுமே. வண்டியில் பொருத்தியிருக்கும் பற்றரி வண்டியின் உறுப்பு, கையில் தூக்கியது ஐயத்துக்குரிய பொருள் என்ற வேறுபாடு இத்தகைய சோதனைகளில் இயல்பாகவே எழுவது. மோட்டார் சைக்கிள் பற்றரியின் மதிப்பு அதன் அளவுக்கு மீறி உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

அதன் மதிப்பை ஓர் எளிய கணக்கு விளக்கும். அக்காலத் திரான்சிஸ்ரர் வானொலிகளுட் பல நான்கு உலர்கலங்களில், அதாவது 6 உவோற்றில், இயங்கின. உலர்கலம் கிடைக்காதபோது மோட்டார் சைக்கிளின் 6 உவோற்றுப் பற்றரியை எந்த மாற்றமும் இன்றி அதனுடன் இணைக்கலாம். குறைந்த ஒலியில் கேட்கும் வானொலி 0.05 அம்பியரை இழுத்தால், 4 அம்பியர் மணிப் பற்றரியின் பாதிக் கொள்ளளவே நாற்பது மணிநேரத்துக்குப் போதும். இரவில் பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் செவிமடுத்து, தங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் நடந்ததைப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து அறிந்துகொண்ட தலைமுறைக்கு அந்த நாற்பது மணிநேரம் பெரியது. அதே பற்றரியில் 3 வாற்றுக் குமிழை எரித்தால் அரை அம்பியர் செலவாகும்; நான்கு மணிநேரத்துக்கு மேல் எரிப்பது பற்றரிக்குக் கேடு. வாகனப் பற்றரி ஒருமுறை பெரும் ஓட்டத்தைக் கொடுத்து உடனே நிரம்புவதற்கென மெல்லிய தகடுகளால் ஆனது. இரவு முழுதும் சிறுகச் சிறுக வடித்தெடுக்கும் வேலை அதற்கு ஒவ்வாது. இந்த உண்மையை அறிந்தும் அதையே நம்பவேண்டியிருந்தது காலத்தின் கட்டாயம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ சில்லைத் தொடுமாறு வைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி வானொலி கேட்ட முறை யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்தது. டைனமோ தருவதும் ஆடலோட்டமே. ஒரு சீராக்கியை இடையில் இணைத்தாலன்றி அது பற்றரியை நிரப்பாது என்பதை, பௌதிக வகுப்பு முடியும் முன்னரே பல சிறுவர்கள் அறிந்திருந்தனர்.

2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஆவணம். அதன் 2.6ஆம் பிரிவு, புலிகளின் ஆளுகைப் பகுதிகளுக்குப் பொருள்கள் தடையின்றிச் செல்லலாம் என்று கூறி, விலக்கானவற்றை ஓர் இணைப்பில் பட்டியலிட்டது. துப்பாக்கி ரவை, வெடிபொருள், தொலைவிலிருந்து இயக்கும் கருவி, முட்கம்பி, தொலைநோக்கி, திசையறி கருவி ஆகியவற்றோடு அப்பட்டியலில் கடைசியாக நின்றது பென்லைட் பற்றரி, அதாவது விரலளவேயான உலர்கலம். பெற்றோலும் டீசலும் சீமெந்தும் இரும்புக் கம்பியும் வேறொரு நடைமுறைக்குள் வந்தன. இரு தரப்பின் தலைமைகளும் ஒப்பமிட்ட அமைதிப் பத்திரத்தில் ஒரு கைவிளக்கின் கலத்துக்குத் தனி இடம் தேவைப்பட்டதே, அதுவரை அச்சிறு பொருள் எத்தகைய அச்சத்தின் உருவாக இருந்தது என்பதற்குப் போதிய சான்று. பட்டியலில் பெயரில்லாத ஈய அமிலப் பற்றரியோ எழுத்தளவில் விடுதலை பெற்றது. இலங்கையில் 1997இல் தொடங்கி உலக வங்கியின் உதவியோடு நடந்த கிராமிய மின்வழங்கல் திட்டங்கள் வீட்டுக் கூரைக்குச் சூரியத் தகட்டைக் கொண்டுவந்ததும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். அத்தகட்டின் கீழும் ஒரு பற்றரியே அமர்ந்திருந்தது.

2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடும்பிமலை என்னும் தொப்பிகல வரை அரச படையின் கைக்குள் வந்தபின், கிழக்கின் உதயம் என்ற பெயரில் மேற்கொள்ளப்பட்ட வேலைத்திட்டத்தோடு மின்கம்பங்கள் படுவான்கரைக்குள் நடந்தன. 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் கட்டிய மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் அத்துறையில் ஓடிய பாதை ஓய்வுபெற்றது. வீட்டு விளக்கிலிருந்து விடுபட்ட பற்றரி, மீண்டும் வண்டிக்குரிய பொருளாயிற்று. யானைக் காவலுக்கு வயற்பரணில் எரியும் விளக்கைப் போன்ற சில தேவைகளே அதற்கு வெளியே எஞ்சின. வண்டிகளும் மாறிவிட்டன. இந்தியாவிலிருந்து வந்த 12 உவோற்று வண்டிகளில் மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் உறுப்பு உண்டு; மூடி திறவாத பற்றரியில் அமிலம் கண்ணாடி நார்ப் பஞ்சில் உறிஞ்சப்பட்டிருப்பதால் நீர் ஊற்றுதல் இல்லை, நீரமானிக்கு வேலையும் இல்லை. ஆயினும் 14.4 உவோற்றைத் தாண்டி நீண்டநேரம் ஏற்றினால் மூடிய பற்றரி இழந்த நீரைத் திரும்பப் பெறவே இயலாது. பழைய பெட்டியிலோ திருகுமூடியைத் திறந்து பிழையைத் திருத்தலாம். பராமரிப்புத் தேவையற்றது என்று விற்கப்படும் பொருள், பராமரிக்க முடியாதது என்றும் பொருள்படுவதை வாங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2022இல் அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் தட்டுப்பட்டபோது பழைய அறிவுக்குச் சிறிது காலம் மறுவாழ்வு கிடைத்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடந்தது. ஓகஸ்ட் அளவில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலே பங்கீடு. ஓடாமல் நின்ற வண்டிகளின் பற்றரிகள் சல்பேற்று உறைந்து சாவது புதிய தலைமுறைக்குப் புதிய துன்பம். மழைமாதத்தில் அதைப் பலமுறை கண்ட மூத்தோருக்கு அது தெரிந்த நோய்.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கம் ஈயம். கெட்டுப்போன பற்றரியை உடைத்து, தகட்டை அடுப்பில் உருக்கி, வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் வழக்கம் தென்னாசிய மீனவர் கரைகள் பலவற்றில் நிலவியது. அவ்வாறு உருக்கும்போது எழும் புகையும் தூளும் குழந்தையின் குருதியிற் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். ஊற்றிவிட்ட அமிலம் மண்ணில் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். பழைய பற்றரியை உடைக்காமல் கடையிற் கொடுத்து விலையிற் கழித்துக்கொள்வது வாவிக்கும் வீட்டுக்கும் நல்லது.

சார்ஜ் போடும் கடைகளை நடத்தியவர்களிற் பலர் முதுமையடைந்துவிட்டனர். அவர்களின் கணக்குக் கொப்பிகளும் செலனியச் சீராக்கிகளும் உடைந்த நீரமானிகளும் பழைய இரும்பாக எடைக்குப் போகும் நிலையிலுள்ளன. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர்களும் இரு கரைப் பள்ளிகளின் ஆசிரியர்களும் அவர்களைத் தேடிச் சென்று, எந்தத் துறையால், எந்த ஆண்டில், எந்தத் தடையைத் தாண்டிப் பற்றரிகள் வந்துபோயின என்பதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். எழுவான்கரையின் கடைக்காரரையும் படுவான்கரையின் வாடிக்கையாளரையும் ஒரே பதிவில் அமர்த்த இன்னும் காலம் இருக்கிறது.